எழுபத்திரண்டாம் பக்கத்து மறுப்பு

1.

இந்தக் கதை கீரனூரில் ஒரு டிடிபி கடையில் நடந்த தவறிலிருந்து பிறந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. அந்தத் தவறு நடக்காமல் இருந்திருந்தால் இதை எழுதுகிறவர் இந்நேரம் தினசரிப் பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு, ஏழு எழுத்தில் ஒரு பறவையின் பெயர் கிடைக்காமல், பேப்பர்காரனைத் திட்டிக்கொண்டிருப்பார்.

ஆனால் தவறிலிருந்து தொடங்கினால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. ஒரு சம்படத்திலிருந்து தொடங்கலாம்.

போன வருடம் ஆகஸ்டு மாதம், இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம். குளத்தூரில் ஒரு வீட்டின் பின்கட்டுக் குழாயடியில் அன்புமொழி எவர்சில்வர் சம்படம் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை கறிக்கடையிலிருந்து ஆட்டு இருதயம் ஒன்றை அதில்தான் வாங்கி வர வேண்டும். கணவர் ஜெபக்குமார் வாசற்படியில் உட்கார்ந்து கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எழுபத்திரண்டாம் பக்கத்துக்கு இன்னும் ஒண்ணும் எழுதலையே."

"எழுதுவோம்."

"நாளைக்குக் காலையில நான் பிள்ளைகளுக்கு நடத்தணும். ஒங்க மறுப்பு என்னன்னு தெரிஞ்சாத்தானே பதில் யோசிச்சுட்டுப் போவேன்."

"இது பெருசு, டீச்சர். பாடத்தை முடிச்சுட்டு வா. சாப்பிடறப்பச் சொல்றேன்."

"வச்சிருங்க, வச்சிருங்க. ஊறுகாய் போட்டு வச்சிருக்காரு மனுசன்."

சம்படத்தைக் கவிழ்த்து வைத்தாள். தண்ணீர் வடிந்தது. கடைசியாக நடந்த சாதாரண விஷயம் இதுதான்.

(ஜெபக்குமார் நான்தான். ‘நான்’ என்று எழுதினால் நாலாவது வரியில் பேனா நின்றுவிடுகிறது. அதனால் ‘அவர்’. அடைப்புக்குறிக்குள் மட்டும் ‘நான்’ வருவேன். இங்கே இடம் குறைவு, உட்கார்ந்து அழ முடியாது. இன்னொன்று: அவளுக்கு ‘அவள்’, எனக்கு ‘அவர்’. முப்பத்து மூன்று வருடம் அப்படியே பேசியிருக்கிறேன். எழுதும்போதுதான் உறைக்கிறது. மாற்றிப் பார்த்தேன், யாரோ ஒரு அம்மாளைப் பற்றிய கதைபோல ஆகிவிட்டது. அவளே இருக்கட்டும்.)

2.

மறுநாள் காலையை எப்படி எழுதுவது என்பதில் இதை எழுதுகிறவருக்கு மூன்று வாரம் போயிற்று.

முதல் வடிவம்: ‘அன்று அதிகாலை குளத்தூரின் மேல் வானம் செம்மை பூசி’

நிறுத்தியாயிற்று. அன்று அவர் வானத்தைப் பார்க்கவில்லை. அவர் என்றைக்கும் வானத்தைப் பார்த்ததில்லை.

இரண்டாம் வடிவம்: ‘ஆட்டின் இருதயத்தைக் கையில் ஏந்தியபடி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் சுற்றி நிற்க, அவள் மெல்லச் சரிந்து’

இது நன்றாக இருந்தது. இருதயம், பிள்ளைகள், சரிவு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நான்கு நாள் இதையே வைத்திருந்தார். ஐந்தாம் நாள் படித்தபோது அன்புமொழி பக்கத்தில் நின்று, "எப்பங்க நடந்துச்சு இது?" என்று கேட்டது போலிருந்தது. அடித்துவிட்டார்.

மூன்றாம் வடிவம், நடந்தது:

கோயிலுக்குப் புறப்பட்டுச் சேலை மடிப்பில் ஊக்குக் குத்திக்கொண்டிருந்தாள். ஊக்குக் கீழே விழுந்தது. எடுத்தாள். மறுபடியும் விழுந்தது. "இதைக் கொஞ்சம் குத்திவிடுங்க" என்றாள். அந்தச் சொற்கள் வாயில் கூழாகக் குழைந்து வந்தன. அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "நாலு மணிக்கே எந்திரிச்சா இப்படித்தான்" என்றார்.

உடலின் வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் முப்பது வருடம் விலங்கியல் நடத்திய ஆசிரியர் சொன்னது இது. பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. நூற்றெட்டுக்குப் போன் போட்டார். திருச்சிக்குப் போனார்கள். நான்கு நாள்.

சம்படம் குழாயடியில் கவிழ்ந்தபடியே கிடந்தது.

3.

இனி அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் கதை கட்டுரையாகிவிடும். வாத்தியார் எழுதும் கதை, வேறு வழியில்லை.

அன்புமொழி நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்ற மாதமே சபையின் ஞாயிறு பள்ளியில் ‘படைப்புப் பாடம்’ என்று ஒன்றை ஆரம்பித்தாள். மாதம் ஒன்று, இரண்டாம் ஞாயிறு. மனித உடலில் ஏதாவது ஒரு உறுப்பை எடுத்துக்கொள்வாள். அது எவ்வளவு யோசித்துச் செய்ததுபோல் இருக்கிறது என்று காட்டுவாள். ஆகவே யாரோ யோசித்திருக்கிறார் என்று முடிப்பாள். எலும்பும் நரம்பும் தானாகக் கூடி வந்தவை அல்ல, அவற்றுக்குப் பின்னால் ஒரு அறிவு இருக்கிறது என்பது அவள் கட்சி. உயிரியலை அவள் எங்கும் போய்ப் படிக்கவில்லை. கணவரின் அலமாரியிலிருந்த பாடப்புத்தகங்களைக் கணவருக்கு எதிராகவே படித்தாள்.

ஜெபக்குமார் எதிர்க்கட்சி. ‘செய்ததுபோல் இருக்கிறது’ என்பதற்கும் ‘செய்திருக்கிறார்கள்’ என்பதற்கும் நடுவில் புதுக்கோட்டை மாவட்டம் அகலத்துக்கு இடைவெளி இருக்கிறது என்பது அவர் வாதம். பெயரில் ஜெபம் இருப்பதால் தனியாக வேறு செய்ய வேண்டியதில்லை என்று கோயிலுக்குப் பண்டிகைக்கு மட்டும் போவார்.

சண்டைக்கு ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்கள். நீளமான நோட்டு. வலது பக்கத்தில் அவள் பாடம், நீல மையில், ஒரே பக்கம். (அதற்கு மேல் போனால் பிள்ளைகள் தூங்கிவிடும் என்பாள்.) எதிரே இடது பக்கம் அவருக்கு. சிவப்பு மையில் மறுப்பு. அதற்கு அவள் பதில், இடது பக்கத்தின் அடியில், பென்சிலில். இரவு எதையாவது எழுதி வைத்தால் மறுநாள் காப்பி ஆறுவதற்குள் பென்சில் பதில் வந்துவிடும். மூன்று வருடத்தில் எந்த மறுப்பும் பதிலில்லாமல் இரண்டாம் நாளைப் பார்த்ததில்லை.

உதாரணத்துக்கு ஒன்று. குரல்வளை நரம்பு பற்றி அவள் ஒரு பாடம் எழுதியிருந்தாள்: பேசுவதற்கென்றே மனிதனுக்கு எவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு என்று. அவர் சிவப்பில் எழுதினார்: ‘அந்த நரம்பு மூளைப் பக்கமிருந்து புறப்பட்டு, தொண்டையைத் தாண்டி, நெஞ்சுக்குள் இறங்கி, பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு, மறுபடி தொண்டைக்கு ஏறுகிறது. குளத்தூரிலிருந்து கீரனூர் போக அறந்தாங்கி பஸ் ஏறுகிறவனை நாம் அறிவாளி என்பதில்லை.’

காலையில் பென்சிலில் இருந்தது: ‘அறந்தாங்கியில் ஆண்டவருக்கு ஏதாவது சோலி இருந்திருக்கும்.’

அவர் சிரித்ததில் காப்பி நோட்டில் கொட்டிவிட்டது. அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

கண்: இமையும் கண்ணீரும் யார் கொடுத்தது என்று நீலம் கேட்டது. விழித்திரையின் நரம்பு ஒயரை இழுத்து வெளிச்சம் விழும் பக்கமே போட்டுவைத்த எலக்ட்ரீஷியனுக்கு வேலை கொடுப்பீர்களா என்று சிவப்பு கேட்டது. ‘முப்பது வருடமாக அந்தக் கண்ணால்தானே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர், கோளாறு என்ன தெரிந்தது?’ என்றது பென்சில். இதில் வாதம் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். வாதம் இல்லை, தீர்ப்பு என்றாள்.

பாடத்துக்குத் தேவையான உறுப்புக்கு ராக்கன் கடை. ஊர்க் கறிக்கடை. ஒரு இரண்டாம் ஞாயிறு வாங்கும்போதே அடுத்த மாதத்துக்கு என்ன என்று டீச்சர் சொல்லிவிடுவாள்: "அடுத்த மாசம் மூச்சுக்குழல் எடுத்து வையி ராக்கு, முழுசா இருக்கணும்." அல்லது முட்டி. அல்லது கண். தேவையில்லாத மாதம் ஒன்றும் வேண்டாம் என்பாள். பாடம் முடிந்ததும் உறுப்பு வீட்டுக்கு வந்து மிளகு வறுவலாகும். வடிவமைப்பாளருக்கான சாட்சிகளில் பாதியை ஜெபக்குமார் சோற்றில் பிசைந்து சாப்பிட்டிருக்கிறார். கண்ணை மட்டும் சாப்பிட்டதில்லை. அது பார்ப்பது போலிருக்கும்.

முப்பத்தாறாவது பாடம் இருதயம். எழுபத்து மூன்றாம் பக்கம். அதை அப்படியே தருகிறேன். (தருகிறார் என்று எழுதியிருக்க வேண்டும். விட்டுவிடுங்கள்.)

‘வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு மூச்சு கிடையாது. நுரையீரல் சுருங்கிக் கிடக்கும். அதனால் இருதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் ஒரு சன்னல் இருக்கிறது. அம்மாவிடமிருந்து வரும் நல்ல ரத்தம் நுரையீரலைச் சுற்றாமல் அந்தச் சன்னல் வழியாக நேரே இடது பக்கம் போகும். சன்னலுக்கு ஒற்றைக் கதவு. பிள்ளை பிறந்து முதல் மூச்சை இழுத்து அழுகிறது. நுரையீரல் விரிகிறது. இடது அறையில் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தமே கதவைத் தள்ளிச் சாத்துகிறது. நாளாவட்டத்தில் கதவு சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஆட்டுக்கும் அப்படித்தான். இதோ, உள்ளே சுண்டுவிரலை வைத்துப் பாருங்கள், கடவுள் அழுத்தி மூடிய பள்ளம். குடிவந்த பிறகு எந்தச் சன்னல் தேவைப்படாது என்று கட்டும்போதே தெரிந்து கட்டியது யார்? காற்றும் மழையுமா?’

நல்ல பாடம். இதை எழுதுகிறவரே சொல்கிறார். முப்பத்தாறில் இதுதான் நல்ல பாடம்.

அவர் ஊறுகாய் போட்டு வைத்திருந்த மறுப்பு ஒரே வரி: ‘நாலு பேரில் ஒருவருக்கு அந்தக் கதவு ஒட்டுவதே இல்லை. கொத்தனார் எங்கே போனார்?’

அந்த ஒரு வரியைச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்து வைத்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வாரமாகக் காத்திருந்தார். அறுபத்தாறு வயது ஆள். பிறந்தநாள் மிட்டாயை ஒளித்து வைத்திருக்கும் பையனைப்போல.

4.

திருச்சி ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள். சின்ன வயது டாக்டர். கையில் ஏற்றும் உப்புநீரில் நுண்ணிய குமிழிகளைக் கலந்து, அவை இருதயத்துக்குள் எங்கே போகின்றன என்று ஸ்கேனில் பார்த்திருந்தார்.

"சார், நீங்க பயாலஜி டீச்சர்னு சொன்னாங்க. ஒங்களுக்குச் சுலபமாப் புரியும். மேல் அறை நடுச்சுவர்ல ஒரு சின்ன வழி மூடாம இருந்திருக்கு. கால்ல உண்டான ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகாம, அந்த வழியா இந்தப் பக்கம் வந்து, மூளைக்கு ஏறியிருக்கு. ரொம்ப அபூர்வம்லாம் இல்ல சார். நாலு பேர்ல ஒருத்தருக்கு இந்த வழி இருக்கும். பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது."

ஜெபக்குமாருக்குச் சுலபமாகத்தான் புரிந்தது.

டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். அவள் தூங்குகிறாள் என்று இருவருமே நினைத்திருந்தார்கள். திரும்பியபோது கண் திறந்திருந்தது. பேச்சு வரவில்லை. இடது கையை மெல்லத் தூக்கினாள். ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் நீட்டினாள். அந்த விரலால் தன் நெஞ்சைத் தொட்டாள்.

நாலில் அந்த ஒன்று.

பிறகு அவரைப் பார்த்தாள். வாயின் நல்ல பாதி சிரித்தது. ஊறுகாய்ச் சட்டி எது என்று கண்டுபிடித்துவிட்ட சிரிப்பு. பதில் ஒன்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள் என்பது அந்தக் கண்ணில் தெரிந்தது. அந்தக் கண்ணை அவர் முப்பத்து மூன்று வருடமாக அறிவார். இன்னும் இரண்டு நாள் இருந்தாள். பென்சில் பிடிக்கும் கைதான் வேலை செய்யவில்லை.

அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வடிவமைப்பாளர் என்று யாரும் இல்லை என்று ஆயுள் முழுக்க வாதாடிய ஜெபக்குமார், காலைக் காப்பியிலிருந்து சாயங்கால விசிட்டர் நேரம் வரை அந்த வடிவமைப்பாளரோடு சண்டை போட்டார். இல்லாத ஆளிடம். அச்சிலேற்ற முடியாத வார்த்தைகளில். ‘ஒரு கதவு, ஒரே ஒரு கதவு, அதை ஒட்டத் தெரியாத நீயெல்லாம்’ என்று தொடங்கி. இதை அன்புமொழி கேட்டிருந்தால் நோட்டை மூடிவைத்து, "சரி சார், ஜெயிச்சாச்சு" என்றிருப்பாள்.

(யார் ஜெயித்தது என்பதை இந்தக் கதை முடிவதற்குள் கண்டுபிடிக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.)

5.

இப்போது அந்தத் தவறு.

முதல் வருட நினைவு ஆராதனைக்கு டீச்சரின் பாடங்களைப் புத்தகமாகப் போடலாம் என்று பாஸ்டர் அழகுமலை சொன்னார். நோட்டை அவரே வாங்கிக்கொண்டு போய்க் கீரனூர் பஸ் ஸ்டாண்டு எதிரே டிடிபி கடை வைத்திருக்கும் கார்த்திகாவிடம் கொடுத்தார். வலது பக்கத்தை மட்டும் அடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பாஸ்டருக்கு இடது பக்கம் ஒன்று இருப்பதே தெரியாது. ஜெபக்குமாருக்கு அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பு.

புரூஃப் பார்க்கப் போனார்.

"வாங்க சார், ஒக்காருங்க. பாப்பா, அந்த ஒயரை இழுக்காத." கார்த்திகாவின் மேசைக்கடியில் எட்டு மாதக் குழந்தை ஒன்று தவழ்ந்துகொண்டிருந்தது. "டீச்சர் புக்கு முடிச்சுட்டேன். ஒரு எழுத்து விடல."

ஒரு எழுத்தும் விடவில்லைதான். நீலம், சிவப்பு, பென்சில் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்தி பிரித்து, ஒரே எழுத்துருவில், ஒரே ஆள் எழுதியதுபோல் அடித்து வைத்திருந்தாள். அறந்தாங்கி பஸ்ஸும் இருந்தது. அறந்தாங்கிச் சோலியும் இருந்தது.

"இடது பக்கத்துல இருந்தது வேற மையில்லம்மா?"

"டீச்சர்னா செவப்பு மை வச்சிருப்பாங்கள்ல சார். தப்பு கண்டுபிடிக்கிற எடத்துல செவப்பு. அப்புறம் பென்சில்ல அவங்களே தன்னைச் சமாதானப்படுத்திக்கிறாங்க."

"கையெழுத்து?"

"இடது பக்கம் எழுதறப்ப நோட்டு தூக்கிக்கிட்டு நிக்கும், கை வளையாது சார். எனக்கே அப்படித்தான் மாறும். எங்க வீட்டுக்காரரும் இப்படித் தனக்குத்தானே பேசுவாரு. டீச்சர் அளவுக்கு ஞாயமா இருக்காது." பக்கங்களைப் புரட்டிக் கடைசிக்கு வந்தாள். "இதுக்கு மட்டும் மறுப்பே இல்ல பாத்தீங்களா? எழுபத்திரண்டாம் பக்கம் வெத்தாக் கெடக்கு. அவங்களாலயே மறுக்க முடியாத பாடம் இதுதான்னு நெனச்சேன். அடிக்கறப்பவே ஒடம்பு சிலுத்துருச்சு. பாப்பாவைத் தூக்கி நெஞ்சுல காதை வச்சுப் பாத்தேன்."

ஜெபக்குமார் புரூஃப் தாள்களைத் தட்டி அடுக்கினார்.

"பாப்பாவுக்கு எட்டு மாசம். அந்தக் கதவு இந்நேரம் ஒட்டியிருக்கும்ல சார்?"

முப்பது வருடம் வகுப்பில் நின்ற மனிதர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகியவர். தெரிந்ததை யார் முகத்துக்காகவும் குறைத்துச் சொன்னதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை.

"ஒட்டியிருக்கும்மா" என்றார்.

முக்கால் பங்கு உண்மை.

6.

பாஸ்டர் அழகுமலையும் புரூஃபைப் படித்திருந்தார். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தவர், புத்தக விஷயமாகக் கோயில் வாசலில் காத்திருந்த ஜெபக்குமாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், டீச்சருக்குள்ள இவ்வளவு கேள்வி இருந்துச்சா? மொகத்துல காட்டிக்கிட்டதே இல்லையே. ஆண்டவரை இந்தப் பாடு படுத்தியிருக்காங்க. படுத்திட்டு விடாமப் பிடிச்சிருக்காங்க. எனக்கே வெக்கமாப் போச்சு."

இங்கே பேசாமல் இருந்திருக்கலாம். இதை எழுதுகிறவர் பல முறை யோசித்துவிட்டார்: பேசாமல் இருந்திருந்தால் அவருடைய சந்தேகமெல்லாம் அவளுடைய பெயரில் அச்சாகி, அவள் இன்னும் ஆழமான விசுவாசியாகத் தெரிந்திருப்பாள். அவருக்கு நஷ்டமில்லை. அவளுக்கும் இல்லை. ஆனால் அறந்தாங்கி பஸ் அவருடையது. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. (ஆசிரியப் புத்தி. சாகும்வரை போகாது.)

"பாஸ்டர், அந்தக் கேள்வியெல்லாம் என்னோடது. பென்சில்ல இருக்கற பதில்தான் அவளோடது."

பாஸ்டர் பிடித்திருந்த கையை விட்டார்.

"அப்ப அட்டையில ரெண்டு பேரும் போடணுமே சார்."

"அதெல்லாம் வேணாம்."

"அது இருக்கட்டும். முப்பத்தஞ்சு கேட்ட மனுசன் முப்பத்தாறாவதை ஏன் விட்டீங்க?" குரலைத் தாழ்த்தினார். அதில் ஒரு நம்பிக்கை எட்டிப்பார்த்தது. "ஒத்துக்கிட்டீங்களா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"புதன்கெழமை பிரஸ்ஸுக்குப் போகுது. ஒத்துக்கிட்டாலும் சரி, இல்லைன்னாலும் சரி, ரெண்டு வரி எழுதிக் குடுங்க. சும்மா மட்டும் விட்றாதீங்க. சும்மா விட்டா ஆளாளுக்கு ஒண்ணு நெனைப்பாங்க."

7.

ஞாயிறிலிருந்து புதன்வரை எழுபத்திரண்டாம் பக்கம் மேசையில் திறந்தே கிடந்தது. எழுதிப் பார்த்தவை இவை. எதுவும் நோட்டில் ஏறவில்லை, எல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில்.

முடிவு ஒன்று. ‘நாலு பேரில் ஒருவருக்கு அந்தக் கதவு ஒட்டுவதே இல்லை. அந்த ஒருவர் இந்தப் பாடத்தை எழுதியவரே.’ உண்மை. சுருக்கம். அவர் வாழ்நாளில் எழுதிய மறுப்புகளில் ஆகச் சிறந்தது. ஞாயிறு பள்ளியில் ஒன்பது பிள்ளைகள் படிப்பார்கள். கீரனூரில் ஒரு பெண் அடிப்பாள்.

முடிவு இரண்டு. ‘ஒப்புக்கொள்கிறேன்.’ பாஸ்டர் கண் கலங்குவார். சபையே சந்தோஷப்படும். அன்புமொழி பார்த்தால், "காப்பி அடிச்ச பேப்பர்" என்று சொல்லிச் சுழித்துவிடுவாள். அவள் எதிரியை மதித்தவள்.

முடிவு மூன்று. அவளுடைய பென்சில் பதிலை அவரே எழுதிவிடுவது. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவருக்குத் தெரியாதா? முப்பத்து மூன்று வருடம். எழுதினார்:

‘ஒட்டாத கதவோடும் அறுபத்தொரு வருடம் ஓட்டிக் கொடுத்திருக்கிறாரே, அது’

இல்லை. இது பாஸ்டர் சொல்வது.

‘நாலில் மூன்று ஒட்டியிருக்கிறதே, கணக்கு டீச்சரிடமே’

இது நான் அவளைப்போல நடிப்பது.

‘கொத்தனார் எங்கும் போகவில்லை. சன்னல் திறந்திருந்தால்தானே’

இது நன்றாக ஆரம்பித்தது. அதற்கு மேல் வரவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

அப்போதுதான் புரிந்தது, நான் ஏன் அந்தப் பக்கத்தில் எழுதவில்லை என்று. மறுப்பு என்னிடம் இருக்கிறது. பத்துத் தடவை எழுத முடியும். எழுதினால் அடுத்த நாள் காப்பி வரும், நோட்டின் அடியில் பென்சில் இருக்காது. பதில் வராத மறுப்பை எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏதோ ஒரு பதிலை அவள் யோசித்தாள். நான் பார்த்தேன். அது அறந்தாங்கியைவிட நல்ல பதிலாக இருந்திருக்கும். அது என்னவென்று தெரியாதவரை நான் ஜெயித்ததாகச் சொன்னால் அது ஆள் வராத மைதானத்தில் கோல் போட்டதாகத்தான் இருக்கும்.

புதன்கிழமை கடைக்குப் போய், எழுபத்திரண்டாம் பக்கத்தில் கோடு மட்டும் போடச் சொன்னேன்.

"வெறும் கோடா சார்? பிரிண்ட் விட்டுப்போச்சுன்னு நெனப்பாங்களே."

"பரவாயில்ல. நோட்டுல இருக்கற மாதிரி இருபத்தேழு கோடு. கடைசி நாலு மட்டும் கொஞ்சம் வெளிறலாப் போடு."

"அது என்னத்துக்கு?"

"அது பென்சிலுக்கு."

(கார்த்திகா, எனக்கு டைப் அடிக்கத் தெரியாது. இந்தக் கதையையும் நீதான் அடிப்பாய். நாலாம் பகுதியிலேயே உனக்கு விஷயம் தெரிந்திருக்கும். அங்கேயே நிறுத்தி, குழந்தையைத் தூக்கியிருப்பாய். அன்று நான் முக்கால் உண்மை சொன்னேன். மீதிக் கால் இது: நாலில் ஒருவருக்கு ஒட்டாது. அந்த ஒருவர்களில் அநேகம் பேர் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பேரன் பேத்தி எடுத்து, பல் விழுந்து, எல்லோரையும் திட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள். பயப்படாதே. ஒரு எழுத்தும் விடாமல் அடி.)

8.

முடிவை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன் என்று இந்த மாதிரிக் கதைகளில் சொல்வார்கள். முடிவை நான் கொடுக்கவில்லை. அவள் முடிந்துவிட்டாள், அதில் மாற்ற ஒன்றுமில்லை. உங்களிடம் கேட்பது அடியில் உள்ள அந்த வெளிறிய நாலு கோடு. மறுப்பு மேலே இருக்கிறது, படித்துவிட்டீர்கள். பதில் தோன்றினால் எழுதுங்கள். நீளமாக வேண்டாம். பாஸ்டர் சொல்வதுபோல் இருந்தால் அழித்துவிடுங்கள். அதைப் படித்து எனக்குக் காப்பி கொட்ட வேண்டும். அப்போதுதான் ஒத்துக்கொள்வேன்.

இன்னொரு விஷயம் மட்டும் மிச்சம்.

போன மாதம் இரண்டாம் ஞாயிறு காலையில் கறிக்கடைப் பக்கம் போனேன். அவள் போன பிறகு நான் அங்கிட்டுப் போவதில்லை. ராக்கன் என்னைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு, தேக்கிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நான் ஒண்ணும் கேக்கலையே ராக்கு."

"நீங்க எப்பக் கேட்டீங்க? டீச்சர்தானே கேப்பாங்க." இலையைப் பிரித்துக் காட்டினார். இருதயம். "கடைசியா இதைத்தான் சொன்னாங்க. ரெண்டாவது ஞாயிறுக்கு எடுத்து வையின்னு. வச்சேன், வரல. அடுத்த மாசத்துக்கு என்னன்னும் சொல்லல. மாத்திச் சொல்ற வரைக்கும் அதுதானே சார்?"

"மாசாமாசமா?"

"பதினோரு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் யாராச்சும் கேட்டாக் குடுத்துருவேன். முத மாசம் நெனப்பு இல்லாம எடுத்து வச்சேன். அப்புறம் கை தன்னால எடுத்து வைக்குது."

வாங்கி வந்தேன். சம்படத்தில் இல்லை, இலையோடு. மேசையில் வைத்து, வகுப்பில் காட்டுவதுபோல் வலது மேல் அறையைத் திறந்தேன். நடுச்சுவரில் பள்ளம் இருந்தது. சுண்டுவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒட்டியிருந்தது. வறுவல் எனக்குச் சரியாக வரவில்லை; மிளகு கூடிவிட்டது.

இன்று இரண்டாம் ஞாயிறு. மணி ஒன்பதரை. ராக்கன் கடையில், ஈரல் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு தேக்கிலையில் தனியாக ஒரு இருதயம் இருக்கிறது.